மார்பில் கட்டி தட்டுப்பட்டால்: மார்பகப் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தியின் இடது மார்பில் கட்டி இருந்தது எங்கள் வீட்டில் எட்டு மாதம் யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும். குளிக்கும்போது சோப்புக் கையில் தட்டுப்பட்டதாம், சுண்டைக்காய் அளவில். வலிக்கவில்லை. பேத்தியின் காதுகுத்து முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். அது எலுமிச்சை அளவாகி, அக்குளில் நெறி கட்டிய பிறகுதான் என்னிடம் வாய் திறந்தார்.

சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ஒன்றரை வருடம் ஓ.பி. வரிசையிலும் கீமோ வார்டு வாசலிலும் அவருடன் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண்கள் கேட்டதும், அதன்பின் உறவிலும் தெருவிலும் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பதும்தான் இந்தக் கேள்விகள். நான் மருத்துவர் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் சரிபார்த்துக்கொண்டதை மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் உடம்புக்கான முடிவை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

கட்டி இருக்கிறது, ஆனால் வலிக்கவே இல்லை. அப்படியென்றால் பயமில்லைதானே?

இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் போதும். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. நமக்கோ வலித்தால்தான் நோய். பல் வலித்தால் ஓடுகிறோம், வயிறு வலித்தால் ஓடுகிறோம். வலிக்காத கட்டியோடு ஒரு வருடம் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இரண்டு மார்பும் கனத்து, தொட்டாலே வலிக்கிறதென்றால் அது பெரும்பாலும் ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது. விலக்கு வந்ததும் தணிந்துவிடும். வலி இல்லாமல், ஒரே இடத்தில், அடுத்த விலக்கு முடிந்தும் கரையாமல் நிற்கும் கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும். வலிக்கும் கட்டி என்றால் புற்றே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக எந்தக் கட்டி வந்தாலும் ஒரு மருத்துவரின் கை அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கட்டி தவிர வேறு என்ன மாற்றங்களைக் கவனிக்க வேண்டும்?

மார்பின் தோல் ஓரிடத்தில் உள்ளிழுத்துக் குழி விழுவது. ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்துப் புள்ளி புள்ளியாகத் தெரிவது. முன்பு வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே திரும்பிக்கொள்வது. பிறந்ததிலிருந்தே அப்படி இருந்தால் அது வேறு. அழுத்தாமலே ஒரு காம்பிலிருந்து மட்டும் ரத்தம் கலந்தோ தண்ணீராகவோ கசிவது, ஒரு மார்பு மட்டும் திடீரென்று அளவோ வடிவமோ மாறுவது, அக்குளில் கட்டி தட்டுப்படுவது. காம்பைச் சுற்றி ஆறாத சொறி வந்து, களிம்பு தடவியும் போகவில்லை என்றால் அதையும் காட்டுங்கள். பேஜெட் நோய் என்ற புற்று வகை அப்படித்தான் தோல் வியாதி வேடத்தில் வரும்.

கட்டி என்றாலே புற்றுநோய்தானா?

இல்லை. பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல. இருபது, முப்பது வயதுகளில் வரும் வழுக்கி நகரும் கோலிக்குண்டு போன்ற கட்டி பல நேரம் ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டியாக இருக்கும். நாற்பதை ஒட்டி வருபவற்றில் நீர்க்கட்டிகள் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்ளும், சீழும் வைக்கும்.

ஆனால் இது எது என்று கையால் தொட்டு நாமே தீர்ப்பு எழுத முடியாது. குழந்தை பெற்ற பெண்களிடம் குறிப்பாகச் சொல்கிறேன்: "பால் கட்டியிருக்கும், ஒத்தடம் கொடு" என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கரையாவிட்டால் ஒத்தடத்தோடு நிற்காதீர்கள். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்பகப் புற்று வருவது அரிது, ஆனால் வரும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பானது.

மார்பகப் புற்றில் வகைகள் உண்டா?

உண்டு. மார்புக்குள் பால் சுரக்கும் சிறு சிறு குலைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து காம்புக்குப் பாலைக் கொண்டுவரும் நாளங்கள் இருக்கின்றன. புற்று எங்கே தொடங்கியது, அங்கேயே அடைபட்டிருக்கிறதா, சுவரை உடைத்து வெளியே வந்துவிட்டதா என்பதை வைத்துத்தான் முதல் பெயர் வைக்கிறார்கள்.

நாளத்துக்குள்ளேயே அடைபட்டிருந்தால் டி.சி.ஐ.எஸ். இதைப் புற்றின் பூஜ்ய நிலை என்பார்கள். கையில் பெரும்பாலும் தட்டுப்படாது, மேமோகிராமில், அதாவது மார்பை எடுக்கும் எக்ஸ்ரேயில், சுண்ணாம்புத் துகள் தூவியதுபோலத் தெரியும். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் குணமாகும் வாய்ப்பு மிக மிக அதிகம்.

நாளத்தின் சுவரை உடைத்து வெளியே பரவியது ஊடுருவும் நாளப் புற்று. 100 பேரில் 70 முதல் 80 பேருக்கு இந்த வகைதான், சித்திக்கும் இதுதான். பால் குலைகளில் தொடங்குவது லோபுலர் வகை, சுமார் 10 முதல் 15 பேருக்கு வரும். இது உருண்டைக் கட்டியாகத் திரளாமல் செல்கள் வரிசை வரிசையாகப் படர்வதால் மார்பு ஓரிடத்தில் தடித்ததுபோல மட்டும் இருக்கும், மேமோகிராமிலும் சில நேரம் நழுவிவிடும்.

அழற்சி வகை என்று ஒன்று அரிதாக வருகிறது. பெரும்பாலும் கட்டி இருக்காது. சில வாரங்களுக்குள் மார்பு முழுக்கச் சிவந்து, சூடேறி, வீங்கிவிடும். சீழ்க்கட்டி என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ஒரு கோர்ஸ் முடிந்தும் சிவப்பு குறையவில்லை என்றால் இன்னொரு கோர்ஸுக்குக் காத்திராமல் புற்றுநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று இருக்கிறதே, அவை என்ன?

இன்றைய சிகிச்சையைத் தீர்மானிப்பதில் மேலே சொன்ன பெயர்களைவிட இந்த மூன்றுக்குப் பங்கு அதிகம். பயாப்ஸியில், அதாவது கட்டியிலிருந்து பரிசோதனைக்காக ஊசியால் எடுத்த சதையில், ஐ.எச்.சி. என்ற சாயப் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள்.

ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி, பி.ஆர். என்பது புரொஜெஸ்டிரோனுக்கானது. இவை பாசிட்டிவ் என்றால் கட்டி நம் உடம்பின் ஹார்மோனைத் தின்று வளர்கிறது என்று பொருள். அந்தத் தீனியை நிறுத்த டமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 5 ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல் தருகிறார்கள். விலை குறைந்த மாத்திரைதான், ஆனால் நோய் திரும்பாமல் காப்பதில் அதன் பங்கு பெரியது. "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று இரண்டாம் வருடமே நிறுத்திவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஹெர்2 என்பது செல்லை வேகமாகப் பெருகச் சொல்லும் ஒரு புரதம். 0, 1+, 2+, 3+ என்று மதிப்பெண் வரும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டுங்கெட்டான், ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு சொல்வார்கள். இந்த வகை ஒரு காலத்தில் மிகவும் பயப்பட வேண்டியதாக இருந்தது. 1998ல் ஹெர்2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு நிலைமை மாறியது.

மூன்றுமே நெகட்டிவ் என்றால் டிரிபிள் நெகட்டிவ். மேலைநாடுகளில் 100க்கு 10 முதல் 15 பேருக்கு வருவது, இந்தியப் பெண்களிடம் அதைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஹார்மோன் மாத்திரையும் டிராஸ்டுசுமாப்பும் இதற்கு வேலை செய்யாது. கீமோவுக்கு நன்றாகவே கட்டுப்படும்.

எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லை. எனக்கு எப்படி வரும்?

சித்தியும் இதைத்தான் கேட்டார். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்ததில்லை. பெண்ணாக இருப்பது, வயது கூடுவது, இந்த இரண்டையும் தவிர வேறு எந்தக் காரணமும் சொல்ல முடியாதவர்கள்தான் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே "நான் என்ன பாவம் செய்தேன், எதைத் தப்பாகச் சாப்பிட்டேன்" என்று யாரும் தன்னை வதைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆபத்தைக் கூட்டும் காரணங்கள் இருக்கின்றன. 12 வயதுக்கு முன்பே வயசுக்கு வருவது, 55 தாண்டியும் விலக்கு நிற்காமல் இருப்பது, குழந்தை பெறாமல் இருப்பது அல்லது முதல் குழந்தை முப்பதுக்கு மேல் பிறப்பது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கணக்குதான்: மார்புச் செல்கள் எத்தனை ஆண்டு தடையில்லாமல் ஹார்மோனில் நனைந்தன என்பது. விலக்கு நின்ற பிறகு எடை கூடினால் உடம்பின் கொழுப்பே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது, அதனால் அதுவும் ஒரு காரணம். மது, சிறிய அளவில்கூட. விலக்கு நின்றபின் நீண்ட காலம் எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள். சின்ன வயதில் வேறு நோய்க்காக நெஞ்சுப் பகுதியில் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்திருப்பது. நடை, உடல் உழைப்பு குறைவது.

இதில் பிள்ளைப்பேற்றையும் விலக்கையும் பற்றிய காரணங்கள் ஒரு பெண்ணைக் குற்றம் சொல்வதற்கானவை அல்ல. "லேட்டா கல்யாணம் பண்ணினா இப்படித்தான்" என்று நோயாளியின் காதில் விழும்படி பேசிய உறவினரை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்டு அந்தப் பெண் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

இந்தியாவில் 2022ல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய்க் கணக்கான குளோபோகான் மதிப்பிடுகிறது. சென்னையில் 1980களின் தொடக்கத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. இன்று அந்த இடத்தில் மார்பகப் புற்று இருக்கிறது.

அம்மாவுக்கு வந்தது. எனக்கும் வந்துவிடுமா?

ஆபத்து கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. 100 நோயாளிகளில் 5 முதல் 10 பேருக்குத்தான் இது பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறால் வருகிறது. அதில் முக்கியமானவை பிராக்கா1, பிராக்கா2 என்ற மரபணுக்கள். குடும்பங்களில் ஓடும் இந்த நோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1990ல் காட்டியவர் மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1994ல் முதல் மரபணுவும் அடுத்த ஆண்டு இரண்டாவதும் அடையாளம் காணப்பட்டன. இந்தக் கோளாறு உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100க்கு ஏறக்குறைய 70 பேருக்கு மார்பகப் புற்று வரலாம். சினைப்பைப் புற்றின் ஆபத்தும் கூடும்.

அப்பா வழியிலும் இது வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அத்தைக்கும் அப்பாவின் அம்மாவுக்கும் இருந்ததா என்றும் கேளுங்கள். நெருங்கிய சொந்தத்தில் இரண்டு மூன்று பேருக்கு, அல்லது 50 வயதுக்கு முன்பே ஒருவருக்கு, அல்லது ஓர் ஆணுக்கு, அல்லது சினைப்பைப் புற்று யாருக்காவது வந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. முடிந்தவரை நோய் வந்தவருக்குத்தான் முதலில் பரிசோதனை செய்வார்கள்.

பால் கொடுத்தால் வராது என்கிறார்களே?

வராது என்பது தவறு, ஆபத்து குறையும் என்பது சரி. 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002ல் வந்த கணக்கின்படி, மொத்தம் 12 மாதம் பால் கொடுத்தால் ஆபத்து சுமார் 4.3 சதவீதம் குறைகிறது. சித்தி மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர்.

கறுப்பு பிரா, இறுக்கமான பிரா, டியோடரன்ட், மார்பில் பட்ட அடி, இவற்றால் வருமா?

எதற்கும் ஆதாரம் இல்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது முன்பே இருந்த கட்டி தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். நோயாளியின் தட்டில் சாப்பிட்டாலோ பக்கத்தில் படுத்தாலோ ஒட்டாது.

ஆண்களுக்கு வருமா?

வரும், மார்பகப் புற்று நோயாளிகள் 100 பேரில் சுமார் ஒருவர் ஆண் என்ற அளவில். காம்புக்குப் பின்னால் கெட்டியாக ஒரு கட்டி என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் காட்ட வேண்டும். பெண்களைவிட அவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள்.

நானே வீட்டில் பார்த்துக்கொண்டால் போதாதா?

ஷாங்காயில் 2.66 லட்சம் ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்தும் இறப்பு குறையவில்லை. சாதுக் கட்டிகளுக்குத் தேவையில்லாத பயாப்ஸிகள்தான் கூடின. அதனால் மாதா மாதம் சடங்குபோல் செய்யும் பரிசோதனையை இப்போது பல மருத்துவ அமைப்புகள் வற்புறுத்துவதில்லை. ஆனால் தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் மாறியது தெரியும். விலக்கு முடிந்த வாரத்தில், குளிக்கும்போது, விரல் நுனியால் குத்தாமல் விரல்களின் சதைப்பகுதியால் தடவிப் பார்த்தால் போதும்.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998ல் தொடங்கிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்கள். அவர்களில் ஒரு பாதியினரின் மார்பைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். மேமோகிராம் இல்லை. 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் பிரிவில் நோய் முன்கூட்டிய நிலையில் பிடிபட்டிருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அந்தப் பலன் தெரியவில்லை.

நம் நாட்டில் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கைப்பரிசோதனையை அரசு சுகாதார நிலையங்களில் செய்ய வேண்டும் என்பது 2016ல் வகுத்த நடைமுறை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் போகும்போது, "மார்பையும் பார்த்துவிடுங்கள் சிஸ்டர்" என்று நீங்களே கேளுங்கள்.

மேமோகிராம் வலிக்குமா? எந்த வயதில் எடுக்க வேண்டும்?

இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்துச் சில நொடிகள் அழுத்துவார்கள். அழுத்தம் நன்றாகவே தெரியும், சிலருக்கு வலிக்கும். ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம். விலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. அன்று காலையில் அக்குளிலோ மார்பிலோ பவுடர், டியோடரன்ட் போடாமல் போங்கள். அந்தத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோலவே தெரியும். சித்தி வழக்கம்போலக் கழுத்துவரை பவுடர் பூசிக்கொண்டு வந்தார். ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது 2024ல் வந்த அமெரிக்கப் பரிந்துரை. உங்களுக்கு எப்போது என்பதை உங்கள் ஆபத்தை வைத்து மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் படம் வெள்ளைவெளேர் என்று வரும், கட்டியும் வெள்ளை. அதனால் அவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள்.

கையில் கட்டி தெரிகிறது, மேமோகிராம் நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. கைப்பரிசோதனை, படம், ஊசி (பயாப்ஸி) ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். ஒன்று மட்டும் முரண்பட்டால் அதைத் துரத்திப் பார்க்க வேண்டும்.

"பைராட்ஸ் 4" என்று வந்திருக்கிறது. நான்காம் நிலையா?

இல்லவே இல்லை. அது மேமோகிராம் அல்லது ஸ்கேன் படத்தைப் பார்த்த மருத்துவரின் சந்தேக அளவு, நோயின் நிலை அல்ல. 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் பெரும்பாலும் சாது, ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4 என்றால் சந்தேகம், பயாப்ஸி வேண்டும். இந்தப் பிரிவிலேயே புற்றாக இல்லாமல் போவது நிறைய. 5 என்றால் 100க்கு 95க்கு மேல் புற்று என்றே எதிர்பார்க்கிறார்கள். 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் ஒரு படம் தேவை. 6 என்பது பயாப்ஸியில் ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு.

பயாப்ஸிக்கு ஊசி குத்தினால் புற்றைக் கிளறிவிட்டதுபோல் பரவிவிடும் என்கிறார்களே?

எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதற்குத்தான் நடந்தது. "கத்தி பட்டா போச்சு" என்று என் மாமா பயாப்ஸியே வேண்டாம் என்றார். அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் முற்றிய பிறகே போனார்கள், ஆபரேஷன் ஆன சில மாதங்களில் இறந்தார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. உண்மையில் ஊசி போன தடத்தில் செல் தங்கி வளர்வது மிக அரிது. பின்னால் வரும் ஆபரேஷனும் கரண்டும் அந்த இடத்தையும் சேர்த்தே கவனித்துக்கொள்கின்றன.

செய்வது இதுதான். தோலை மரக்கச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஒரு ஊசியை உள்ளே விடுவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் "டப்" என்று சத்தம் வரும், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அந்தச் சத்தத்துக்கே உடம்பு தூக்கிப் போடும். ஒவ்வொரு முறையும் சேமியாத் துண்டு போல் ஒரு சதை இழை வரும். நாலைந்து இழை எடுத்து ஃபார்மலின் குப்பியில் போடுவார்கள். சித்தியின் குப்பியை லேபுக்குக் கொண்டுபோனது நான்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குப்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தது இன்னும் கையில் இருக்கிறது. உங்களிடமும் அப்படிக் கொடுத்தால், குப்பியில் பெயரும் எந்தப் பக்க மார்பு என்பதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். நாள் கணக்கில் தாமதித்தால் ஈ.ஆர்., ஹெர்2 முடிவுகள் பிசகலாம்.

ஊசியைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. பயாப்ஸி எதுவும் இல்லாமல் "சின்னக் கட்டிதான், எடுத்துப்போட்டுவிடலாம்" என்று முதலிலேயே அறுத்துவிடுவது. பிறகு அது புற்று என்று தெரிந்தால் எவ்வளவு அளவு இருந்தது, விளிம்பில் மிச்சம் இருக்கிறதா என்று எதுவும் தெரியாமல் மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டி வரும். முதலில் ஊசி, பிறகுதான் கத்தி.

ரிப்போர்ட்டில் "கிரேடு 3" என்று இருக்கிறது. மூன்றாவது ஸ்டேஜா?

நான் அதிகம் கேட்ட கேள்வி இது. எனக்கே இது தெரியாமல்தான் அன்று லேப் வாசலில் மஞ்சள்பையோடு உட்கார்ந்து அழுதேன்.

கிரேடு என்பது செல்லின் குணம். ஸ்டேஜ், அதாவது நிலை, என்பது நோய் போயிருக்கும் தூரம். மைக்ரோஸ்கோப்பில் மூன்றைப் பார்க்கிறார்கள்: செல்கள் இன்னும் நாளம்போல் வட்டம் கட்டுகின்றனவா, உட்கரு எவ்வளவு கோணலாக இருக்கிறது, எத்தனை செல்கள் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேடு 1. 6, 7 என்றால் கிரேடு 2. 8, 9 என்றால் கிரேடு 3. கிரேடு 3 என்றால் துடிப்பான, வேகமாக வளரும் செல். அப்படிப்பட்ட செல் ஒரு சென்டிமீட்டர் கட்டிக்குள்ளேயே இருந்தால் ஸ்டேஜ் 1தான். சித்திக்குக் கிரேடு 3, ஸ்டேஜ் 2. கி-67 என்ற சதவீதமும் இதே போலப் பெருகும் வேகத்தைத்தான் சொல்கிறது. "கி-67 40 சதவீதம்" என்றால் உடம்பில் 40 சதவீதம் பரவிவிட்டது என்று பொருள் அல்ல.

சரி, ஸ்டேஜை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

டி, என், எம் என்று மூன்று எழுத்து. டி என்பது கட்டியின் அளவு: 2 செ.மீ. வரை டி1, 5 செ.மீ. வரை டி2, அதற்கு மேல் டி3. தோலில் புண் வைத்துவிட்டாலோ நெஞ்சுச் சுவரைப் பிடித்துவிட்டாலோ அளவு எதுவானாலும் டி4. என் என்பது நிணநீர் முடிச்சுகள், நாம் நெறி என்கிறோமே அவை. ஆபரேஷனுக்குப் பின் எண்ணிப்பார்க்கையில் அக்குளில் 1 முதல் 3 வரை நோய் இருந்தால் என்1, 4 முதல் 9 வரை என்2, 10ம் அதற்கு மேலும் என்3. எம் என்பது எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை போன்ற தூர இடங்களுக்குப் போயிருக்கிறதா என்பது. இல்லை என்றால் எம்0, இருந்தால் எம்1, அதுதான் நான்காம் நிலை.

சித்தியின் கட்டி மூன்றரை செ.மீ., அதனால் டி2. அக்குளில் இரண்டு முடிச்சில் நோய், என்1. வேறெங்கும் இல்லை, எம்0. மூன்றையும் சேர்த்தால் 2பி. கட்டி சுண்டைக்காய் அளவில் இருந்தபோதே, நெறி கட்டும் முன் வந்திருந்தால் ஸ்டேஜ் 1. எட்டு மாதத்தின் விலை அது.

2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்பு விதிகளில், இந்த உடற்கூற்றுக் கணக்கோடு கிரேடு, ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 ஆகியவற்றையும் சேர்த்து இன்னொரு ஸ்டேஜும் சொல்கிறார்கள். அதனால் இரண்டு மருத்துவர்கள் இரண்டு எண் சொன்னால் ஒருவர் தப்பு என்று அர்த்தமில்லை. எந்தக் கணக்கு என்று கேளுங்கள். மேலும், கீமோவை முதலில் கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்தால் ரிப்போர்ட்டில் டி, என் எழுத்துகளுக்கு முன்னால் "ஒய்" என்ற எழுத்து சேரும்.

எல்லோருக்கும் பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கட்டி சிறியது, நெறி இல்லை, எலும்பு வலி, மூச்சுத்திணறல் போன்ற எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுப்பதால் பெரிய பயன் இல்லை; எங்கோ ஒரு பழைய தழும்பு ஒளிர்ந்து வீண் பயாப்ஸியில் கொண்டுபோய் விடலாம். மூன்றாம் நிலை, அல்லது அறிகுறிகள் இருப்பவர்களுக்கு சி.டி., எலும்பு ஸ்கேன் அல்லது பெட் தேவை. "எனக்கு இது எதற்கு, இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

நான்காம் நிலை என்றால் எல்லாம் முடிந்ததா?

முழுக்கக் குணப்படுத்துவது அரிது, உண்மையை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கட்டுப்படுத்தி வைக்க இன்று வழிகள் அதிகம். குறிப்பாக ஹார்மோன் பாசிட்டிவ் வகையில், எலும்பில் மட்டும் போயிருந்தால், மாத்திரையோடு ஆண்டுக் கணக்கில் வீட்டு வேலையும் வெளிவேலையும் செய்பவர்கள் இருக்கிறார்கள். வலியைத் தணிக்கும் மருத்துவத்தைக் கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்காமல் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்க வேண்டும்.

எங்கே போவது? பணத்துக்கு என்ன செய்வது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தொடங்கலாம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த வேதனை அதன் பின்னால் இருந்தது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021ல் இறக்கும்வரை அந்த வளாகத்தையே வீடாகக் கொண்டிருந்தார். இலங்கையில் மகரகமவிலும் யாழ்ப்பாணம் தெல்லிப்பழையிலும் அரசு புற்றுநோய் மருத்துவமனைகள் உண்டு.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பயாப்ஸி முடிவு வரும்வரை காத்திராமல் ரேஷன் கார்டு, வருமானச் சான்று, ஆதார் எல்லாவற்றையும் அந்த வாரமே தயார் செய்யுங்கள். நாங்கள் தாமதித்ததால் வருமானச் சான்றுக்கே பத்து நாள் போனது.

நோயாளியிடம் சொல்லலாமா, மறைக்கலாமா?

எங்கள் வீட்டில் மறைத்தோம். "சாதாரணக் கட்டி" என்றோம். இரண்டாவது கீமோவில் முடி கொத்தாக வந்தபோது சித்தி கையில் அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்டி, உங்களுக்காகத்தான் கேக்கல" என்றார். அன்றிலிருந்து எந்த மாத்திரை எதற்கு என்று அவரே எழுதி வைத்துக்கொண்டார், டாக்டரிடம் அவரே கேள்வி கேட்டார். யாருடைய உடம்போ அவர்களுக்குத் தெரிய வேண்டும். எவ்வளவு, எப்போது என்பதை அவர்கள் கேட்கும் அளவுக்குச் சொல்லலாம்.

எந்தெந்தப் பேப்பரைப் பத்திரமாக வைக்க வேண்டும்?

பயாப்ஸி ரிப்போர்ட், ஐ.எச்.சி. ரிப்போர்ட், ஆபரேஷனுக்குப் பின் வந்த ரிப்போர்ட், மேமோகிராம் படங்களும் அவை பதிந்த சி.டி. தட்டும், ஒவ்வொரு கீமோவின் மருந்துப் பெயரும் அளவும் உள்ள சீட்டு, கரண்ட் வைத்த விவரம். இவற்றை நகல் எடுத்து, போனிலும் படம்பிடித்து வையுங்கள்.

இன்னொன்றைப் பலர் கேட்டு வாங்குவதே இல்லை. உங்கள் சதையை மெழுகில் புதைத்துத் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கட்டியாக வைத்திருப்பார்கள், பாராஃபின் பிளாக் என்று பெயர். அதிலிருந்து சீவியதுதான் கண்ணாடி ஸ்லைடுகள். வேறு மருத்துவமனைக்குப் போனாலோ இரண்டாவது கருத்துக் கேட்டாலோ, புதிதாக ஊசி குத்தாமல் அந்த பிளாக்கை வைத்தே மறுபடி பரிசோதிக்கலாம். லேபில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். வாங்கினால் வெயில் படாத இடத்தில், சூடில்லாமல் வையுங்கள், மெழுகு இளகிவிடும். சித்தியுடையது எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைத் தட்டில், அவர் பெயரும் பிளாக் எண்ணும் எழுதிய ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது.